அறிவார்ந்த வடிவமைப்பு: சோதிக்க முடியாததா, சோதித்துத் தோற்றதா?

வழிப்போக்கன் (கேள்வி)

வணக்கம். உயிரினங்களின் சிக்கலான உறுப்புகளும் செல்லுக்குள் இயங்கும் நுண்பொறிகளும் அறிவுள்ள ஏதோ ஒரு சக்தியால் திட்டமிட்டு ஆக்கப்பட்டவை என்று கூறும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’க் கருத்தைப் பற்றி, ஆதரித்தும் மறுத்தும் எழுதப்பட்டவற்றைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். நான் உயிரியல் படித்தவன் அல்லன். கணக்குத் தணிக்கை செய்பவன். பற்றும் வரவும் ஒத்துவராவிட்டால் உறக்கம் வராத தொழில் என்பதால், இந்த விவாதத்தில் ஓரிடம் என்னை விடாமல் உறுத்துகிறது.

மறுப்பவர்கள் ஒரு பக்கத்தில், “இது சோதனைக்கு உட்படுத்தவே முடியாத கருத்து, ஆகவே அறிவியல் ஆகாது” என்கிறார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால், “பாக்டீரியாவின் கசையிழையைப் பற்றி அவர்கள் சொன்னது தவறு என்று காட்டப்பட்டுவிட்டது, இரத்த உறைதலைப் பற்றிச் சொன்னதும் தவறு என்று காட்டப்பட்டுவிட்டது” என்கிறார்கள். உயிரியல் வகுப்பில் இந்தக் கருத்தைப் புகுத்தியதை எதிர்த்து அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த டோவர் பள்ளி வழக்கில் நீதிபதி ஜான் ஜோன்ஸ் 2005 டிசம்பர் 20 அன்று வழங்கிய தீர்ப்பிலும் இந்த இரண்டு வாதங்களும் அருகருகே இருக்கின்றன. சோதிக்கவே முடியாத ஒன்று சோதனையில் எப்படித் தோற்றிருக்க முடியும்? இரண்டில் ஒன்றைத்தானே வைத்துக்கொள்ள வேண்டும்?

ஆதரிப்பவர்களின் கணக்கும் நேராக இல்லை. “எங்கள் கருத்து அறிவியல், முன்கணிப்புகளைத் தருகிறது” என்பவர்கள், வடிவமைத்தது யார், எப்போது, எந்த முறையில் என்று கேட்டவுடன், “அது எங்கள் ஆய்வு எல்லைக்குள் வராது” என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஆகவே என் கேள்வி இதுதான். கண்ணால் காணக்கூடிய, அளக்கக்கூடிய எந்தச் சான்றைக் கொண்டு இந்தக் கருத்தைச் சோதிக்க முடியும்? முடியுமென்றால் யாரேனும் செய்து பார்த்தார்களா? சமய நம்பிக்கை சரியா தவறா என்பதற்குள் இந்த இழை போகக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வுமேசை

உங்கள் உறுத்தல் நியாயமானதே. ஆனால் அதில் முரண்பாடு இல்லை. ஒரே பெயரின் கீழ் இரண்டு வெவ்வேறு கூற்றுகள் உலவுவதுதான் சிக்கல். “இந்த அமைப்பு சிறுசிறு மாற்றங்களால் படிப்படியாக உருவாகியிருக்க முடியாது” என்பது முதற்கூற்று. “ஆகவே இதை ஓர் அறிவு ஆக்கியது” என்பது இரண்டாம் கூற்று. முதலாவது, உலகைப் பற்றிய தெளிவான மறுப்பு. அதைச் சோதிக்கலாம், சோதித்தும் இருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி வேறொருவர் எழுதட்டும். நான் நுண்ணுயிர்களோடு வேலை செய்பவன் என்பதால் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹீ 1996இல் முன்வைத்த ‘குறைக்கவியலாச் சிக்கல்தன்மை’ என்பதே இந்தத் தரப்பின் முதன்மையான வாதம். ஒன்றோடொன்று பொருந்தி இயங்கும் பல பாகங்களைக் கொண்ட ஓர் அமைப்பில் எந்த ஒரு பாகத்தை எடுத்தாலும் முழு இயக்கமும் நின்றுபோகுமானால், அது பாதி கட்டிய நிலையில் பயன் தந்திருக்க முடியாது, பயன் தராததை இயற்கைத் தேர்வு பேணியிருக்காது என்பது அவர் வாதம். பாக்டீரியா நீந்துவதற்குப் பயன்படுத்தும் கசையிழை இதற்கு அவர் காட்டிய பெயர்பெற்ற எடுத்துக்காட்டு.

இந்த வாதத்தின் பாதி உண்மை என்பதை என் கையாலேயே பார்த்திருக்கிறேன். மாணவப் பருவத்தில் கசையிழைக்குரிய மரபணுக்களில் ஒவ்வொன்றாக நீக்கப்பட்ட பாக்டீரிய வகைகளை எங்களிடம் கொடுப்பார்கள். கூழ்போல் தளர்வாக உறைந்த அகார் தட்டின் நடுவில் ஊசிமுனையால் ஒரு வகையைக் குத்தி வைத்துவிட்டு மறுநாள் காலையில் வந்து பார்த்தால், மரபணு எதுவும் நீக்கப்படாத வகை நீந்திப் பரவித் தட்டு முழுதும் புகைபோல் ஒரு வட்டத்தை விட்டிருக்கும். ஒரே ஒரு மரபணுவை இழந்த வகையோ குத்திய இடத்திலேயே வெண்புள்ளியாக நிற்கும். டோவர் வழக்கில் பள்ளி நிர்வாகத்தின் தரப்பில் சாட்சியளித்த நுண்ணுயிரியலாளர் ஸ்காட் மின்னிச் முன்வைத்த சான்றும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

ஆனால் அந்த வெண்புள்ளி சொல்வது, இன்றைய கசையிழைக்கு இன்று அந்தப் பாகம் தேவை என்பதை மட்டுமே. தொடக்கத்திலிருந்தே தேவையாக இருந்ததா என்பதை அது சொல்லாது. ஓர் அமைப்பில் புதிதாகச் சேரும் பாகம் முதலில் வெறும் வசதியாக இருந்து, பிறகு மற்றப் பாகங்கள் அதை நம்பி மாறிக்கொண்டதால் இன்றியமையாததாக ஆகிவிடலாம் என்று மரபியலாளர் ஹெர்மன் முல்லர் 1918லேயே எழுதிவிட்டார். பீஹீயின் நூலுக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, பிற்காலத்தில் எழப்போகும் வாதத்துக்குரிய விடை அங்கே கிடந்தது என்பது எனக்கு இன்னமும் வியப்பாகத்தான் இருக்கிறது.

கசையிழையின் அடிப்பகுதியிலுள்ள புரதங்கள் பலவற்றுக்கு, பிளேக் நோயை உண்டாக்கும் பாக்டீரியா தன் நச்சுப் புரதங்களை நம் செல்லுக்குள் செலுத்தப் பயன்படுத்தும் ஊசி போன்ற அமைப்பில் நெருங்கிய உறவுப் புரதங்கள் இருக்கின்றன. நீந்தும் வேலை இல்லாமலேயே பாகங்களில் ஒரு பகுதி வேறொரு வேலையைச் செய்கிறது. இந்த இடத்தில் மறுப்பவர்களும் அவசரப்படுகிறார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஊசியமைப்பிலிருந்து கசையிழை வந்தது என்று பலர் எழுதுகிறார்கள்; மரபணு ஒப்பீடுகளோ பெரும்பாலும் கசையிழையிலிருந்து ஊசியமைப்பு வந்ததையே காட்டுகின்றன. எனவே அது கசையிழையின் முன்னோர் ஆகாது. “பாதி அமைப்பால் எந்தப் பயனும் இருக்க முடியாது” என்ற பொதுவிதியை முறிக்க மட்டுமே அது போதுமானது.

பீஹீயின் இன்னோர் எடுத்துக்காட்டான இரத்த உறைதலிலும் இதே போன்ற ஒரு நிலைதான். மனிதர்களிடம் உள்ள 12ஆம் உறைகாரணி என்னும் புரதம் திமிங்கிலங்களிடமும் ஓங்கில்களிடமும் இயங்குவதில்லை. அவற்றின் இரத்தம் குறையின்றி உறைகிறது. பீஹீ இதற்கு, தாம் 1996லேயே உறைதலைத் தொடங்கிவைக்கும் இரு பாதைகளும் ஒன்று சேரும் இடத்துக்குப் பிந்தைய பகுதியை மட்டுமே குறித்ததாக விடையளித்தார். நூலில் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே ஓங்கில் அவரை வீழ்த்திவிட்டது என்று கொண்டாடுவதற்கில்லை.

கடைசியாக, அவரே முன்மொழிந்த ஒரு சோதனையும் உண்டு. கசையிழை இல்லாத ஒரு பாக்டீரியாவை நகர வேண்டிய நெருக்கடியில் வைத்து 10,000 தலைமுறைகள் வளர்த்து, கசையிழையோ அதற்கு ஒப்பான சிக்கலான அமைப்போ தோன்றுகிறதா என்று பார்க்கலாம் என்றார். அந்தச் சோதனையை நீங்கள் செய்தீர்களா என்று நீதிமன்றத்தில் கேட்டபோது, இல்லை என்றார். செய்திருந்து எதுவும் தோன்றாமல் போயிருந்தாலும், 10,000 தலைமுறைகள் போதவில்லை என்பதைத் தவிர வேறெதுவும் அதனால் நிறுவப்பட்டிருக்காது.

மறுகரை

இந்த இழையில் நான் சிறுபான்மையாக இருப்பேன் என்று தெரிந்தே எழுதுகிறேன். வடிவமைப்புக் கருத்தில் உண்மை இருக்கிறது என்று கருதுபவன் நான். நண்பர் ஆய்வுமேசை எழுதியவற்றில் தகவல் பிழை எதையும் நான் காணவில்லை, நேர்மையாகவும் எழுதியிருக்கிறார். ஆனால் மூன்று செய்திகள் விடுபட்டிருக்கின்றன.

முதலாவது, வடிவமைப்பைக் கண்டறிவது அறிவியலுக்குப் புதியதன்று. மண்ணுக்குள்ளிருந்து எடுத்த கல், மனிதன் செதுக்கிய கருவியா, ஆற்றில் உருண்டு உடைந்த சில்லா என்று தொல்லியலாளர் தினமும் முடிவு செய்கிறார். வேற்றுக்கோள் அறிவின் சமிக்ஞையைத் தேடும் வானியலாளரும் அதையே செய்கிறார். சமிக்ஞையை அனுப்பியது யார் என்று தெரியாமலேயே, இது தற்செயலன்று என்று அவர்கள் சொல்ல முடியுமானால், செல்லுக்குள் இருக்கும் குறிமுறையைப் பார்த்து நாங்கள் ஏன் சொல்லக் கூடாது? கணிதவியலாளர் வில்லியம் டெம்ப்ஸ்கி 1998இல் இதற்கு ஓர் அளவுகோலையே தந்தார்: 10இன் 150ஆம் படியில் ஒரு பங்கு என்பதைவிடக் குறைந்த நிகழ்தகவும், தனித்து வரையறுக்கத்தக்க ஓர் ஒழுங்கும் சேர்ந்திருந்தால் அது வடிவமைப்பே என்றார்.

இரண்டாவது, எங்கள் தரப்பின் முன்கணிப்பு ஒன்று பலித்திருக்கிறது. மரபணுத் தொகுதியின் பெரும்பகுதி வெறும் குப்பை என்று பரிணாமவியலார் சொல்லிவந்த காலத்தில், வடிவமைத்தவர் வீணாக எதையும் வைத்திருக்க மாட்டார், அங்கும் பயன் இருக்கும் என்று எங்கள் தரப்பினர் எழுதினர். 2012இல், மரபணுத் தொகுதியில் எந்தெந்தப் பகுதி என்ன செய்கிறது என்று ஆராயும் என்கோட் ஆய்வுத்திட்டம், மனித மரபணுத் தொகுதியில் 80 விழுக்காட்டுக்கு உயிர்வேதியியல் செயல்பாடு உண்டு என்று அறிவித்தது.

மூன்றாவது, சோதிக்க முடியாமை என்ற குற்றச்சாட்டு எதிர்த்தரப்புக்கும் பொருந்தும். எந்த உறுப்பைக் காட்டினாலும் அது உருவான விதத்துக்கு ஒரு கதை சொல்லிவிட முடிகிறது. டார்வினியம் சோதிக்கத்தக்க அறிவியல் கோட்பாடு அன்று, மீவியற்பியல் சார்ந்த ஆய்வுத்திட்டம் என்று சொன்னவர் வேறு யாருமில்லை, பொய்ப்பித்தல் என்ற அளவுகோலை வகுத்த கார்ல் பாப்பர்தான்.

ஏரணம்

பாப்பரைப் பற்றிய பாதிச் செய்தியை மட்டும் மறுகரை தந்திருக்கிறார். 1974இல் அப்படிச் சொன்ன பாப்பர், 1978இல் இயற்கைத் தேர்வின் சோதிக்கத்தக்க தன்மையைப் பற்றித் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாக அறிவித்தார். அது போகட்டும், பெரியவர்கள் சொன்னதை வைத்து இதைத் தீர்க்க முடியாது. தொல்லியல் வாதத்துக்கு வருகிறேன், ஏனெனில் இந்த இழையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

கல்லைக் கையில் எடுத்த தொல்லியலாளர் நிகழ்தகவைக் கணக்கிடுவதில்லை. அடித்த இடத்துக்குக் கீழே குமிழ்போல் புடைத்திருக்கிறதா, ஒரே விளிம்பில் அடுத்தடுத்துச் சில்லுகள் பெயர்க்கப்பட்டிருக்கின்றனவா, அந்தக் கல்வகை அந்த இடத்துக்குரியதா, வேறெங்கிருந்தோ கொண்டுவரப்பட்டதா என்று பார்க்கிறார். தாமே உட்கார்ந்து கல்லால் கல்லை அடித்து, அதே தழும்புகள் வருகின்றனவா என்றும் சோதிக்கிறார். கை எவ்வளவு வலுவுடையது, கூர்மையான விளிம்பு எதற்குத் தேவை என்றெல்லாம் செய்தவரைப் பற்றி அவருக்கு நிறையத் தெரியும். அந்த முன்னறிவுதான் சோதனையை நடத்துகிறது. அப்படியிருந்தும் தவறு நேரும். பிரேசிலின் செர்ரா ட கபிவாரா பகுதியில் தாடிக் கபுச்சின் குரங்குகள் கல்லோடு கல்லை மோதும்போது தெறிக்கும் சில்லுகள், தொல்மனிதர் செதுக்கியவற்றிலிருந்து பிரித்தறிவதற்கு அரிதாக இருக்கின்றன என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தக் குரங்குகள் சில்லுகளைப் பயன்படுத்துவதில்லை. சில்லு வேண்டும் என்று அடிப்பதும் இல்லை. ஒழுங்கு இருக்கிறது, நோக்கம் இல்லை.

வானியலிலும் இதற்கு இணையான ஒரு கதை உண்டு. 1967இல் ஜோசலின் பெல் 1.33 நொடிக்கு ஒருமுறை தவறாமல் வந்த வானொலித் துடிப்பைக் கண்டபோது, வேற்றுக்கோள் மனிதரோ என்று வேடிக்கையாக ஒரு பெயர் சூட்டினார்கள். அது சுழலும் நியூட்ரான் விண்மீன் என்று பிறகு தெரியவந்தது. “தற்செயலாக இருக்க முடியாது” என்ற முடிவு சரியாகவே இருந்தது. “ஆகவே அறிவு” என்று தாவியிருந்தால் தவறாகப் போயிருக்கும். டெம்ப்ஸ்கியின் அளவுகோலில் உள்ள ஓட்டையும் இதுவே. பாகங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் குருட்டாம்போக்கில் கூடுவதற்கான நிகழ்தகவை மறுப்பது எளிது. அப்படிக் கூடியதாக உயிரியலாளர் எவரும் சொல்லவில்லை. நமக்குத் தேவையான நிகழ்தகவு, இயற்கைத் தேர்வின் வழியாகப் படிப்படியாக அது வருவதற்கானது. அதைக் கணக்கிட வழியில் இருந்த படிகள் தெரிய வேண்டும். படிகள் தெரியாதபோது அந்த 150ஆம் படி என்னும் எண்ணை எதனோடு ஒப்பிடுவது?

இப்போது வழிப்போக்கனின் மூலக்கேள்வி. தத்துவவியலாளர் எலியட் சோபர் இதைத் துல்லியமாக எடுத்துக்காட்டியவர். ஒரு கருதுகோளைச் சோதிக்க வேண்டுமானால், அது உண்மையானால் எதைக் காண்போம் என்று அது சொல்ல வேண்டும். வடிவமைத்தவருடைய நோக்கமும் ஆற்றலும் தெரியாதபோது, எதைக் காண்போம் என்று சொல்லவே முடியாது. நோக்கத்தைப் பற்றி ஓர் அனுமானத்தைச் சேர்த்துக்கொண்டால் சொல்லலாம். ஆனால் அந்த அனுமானத்துக்குத் தனியே சான்று வேண்டும், தேவைக்கேற்ப அதை மாற்றிக்கொள்ளவும் கூடாது.

மறுகரை கூறிய குப்பை மரபணு முன்கணிப்பைப் பாருங்கள். “வடிவமைத்தவர் எதையும் வீணாக்க மாட்டார்” என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதே அனுமானத்தோடு ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளை நரம்பைப் பார்ப்போம். மூளையிலிருந்து சில அங்குலத் தொலைவில் இருக்கும் குரல்வளைக்குப் போக வேண்டிய நரம்பு, கழுத்து முழுதும் இறங்கி, இதயத்துக்கு அருகில் பெருந்தமனியைச் சுற்றி வளைத்துக்கொண்டு, மீண்டும் கழுத்து முழுதும் ஏறிக் குரல்வளையை அடைகிறது. மீன்களின் செவுள் வளைவுத் தமனிக்குப் பின்னால் ஓடிய நரம்பு, கழுத்து நீண்டபோது மாட்டிக்கொண்டதன் விளைவு இது. வீணாக்காத வடிவமைப்பாளர் இதைச் செய்வாரா என்று கேட்டால், அவர் நோக்கத்தை நாம் அறிய முடியாது என்பார்கள். நரம்புக்கு அறிய முடியாத நோக்கம் மரபணுவுக்கு மட்டும் எப்படி அறிய முடிந்தது? வரவில் எழுதும்போது ஒரு நாணயம், பற்றில் எழுதும்போது வேறொரு நாணயம் என்றால் வழிப்போக்கன் அந்தப் பேரேட்டில் கையெழுத்துப் போடுவாரா?

என்கோட் எண்ணைப் பற்றியும் ஒரு குறிப்பு. புரதம் ஒட்டுகிறது, படியெடுக்கப்படுகிறது என்பவற்றையெல்லாம் செயல்பாடாகக் கணக்கில் சேர்த்ததால் 80 விழுக்காடு வந்தது. மாறினால் கேடு விளையும் என்பதால் இயற்கைத் தேர்வு காத்துவரும் பகுதியை மட்டும் கணக்கிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வு 8.2 விழுக்காடு என்றது. வெங்காயத்தின் மரபணுத் தொகுதி நம்முடையதைப் போல ஐந்து மடங்கு; அதில் அத்தனையும் பயனுள்ளது என்று வாதிடுபவர், நமக்கு வேண்டாத எந்த வேலைக்காக வெங்காயத்துக்கு அவ்வளவு தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனிதர்களும் குரங்கினங்களும் பொது முன்னோரிடமிருந்து வந்தவர்கள் என்பதைப் பீஹீ ஏற்றுக்கொள்கிறார். இதே முகாமைச் சேர்ந்த பலர் அதை மறுக்கிறார்கள். பெருங்குரங்குகளுக்கு 24 இணைக் குரோமோசோம்கள், நமக்கு 23. பொது முன்னோர் உண்மையானால் எங்கோ இரண்டு இணைந்திருக்க வேண்டும். இணைந்த தழும்பும் இருக்க வேண்டும். குரோமோசோமின் முனைகளில் மட்டும் இருக்க வேண்டிய டெலோமியர் வரிசைகள், நம் 2ஆம் குரோமோசோமின் உட்பகுதியில் நேருக்கு நேர் மோதி நிற்பதை 1991இல் கண்டனர். தழும்பு கிடைக்காமல் போயிருந்தால் பொது முன்னோர்க் கருத்து பெருஞ்சங்கடத்தில் மாட்டியிருக்கும். வடிவமைப்புக் கருத்துக்கோ, தழும்பு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பீஹீ ஒரு வகையிலும் மற்றவர்கள் நேர் எதிர் வகையிலும் அதற்குள்ளேயே வசதியாகத் தங்கிக்கொள்கிறார்கள்.

“சோதிக்க முடியாது என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள், அவர்கள் சொன்ன குறிப்பான கூற்றுகள் சோதிக்கப்பட்டுப் பொய்யாகிவிட்டன, அதையே சொல்லுங்கள்” என்று படைப்புவாத வழக்கு ஒன்றை ஒட்டித் தத்துவவியலாளர் லாரி லாடன் 1982லேயே வாதிட்டார். குறிப்பான கூற்றுகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியே. கூற்றுகளையெல்லாம் கழித்த பிறகு எஞ்சும் “யாரோ, எப்போதோ, எப்படியோ” என்பதைப் பொறுத்தவரை சோபர் சொல்வதே சரி.

வழிப்போக்கன்

என் முதற்கேள்வி தீர்ந்தது. ஒரே தலைப்பில் இரண்டு கணக்குகளைக் கலந்து எழுதியிருந்தார்கள். ஆனால் இன்னொன்று மீதமிருக்கிறது. வடிவமைப்பு உண்மையிலேயே உயிரினத்துக்குள் இருந்தால் அதை அடையாளம் காணவே முடியாது என்று ஏரணம் சொல்கிறாரா?

ஏரணம்

இல்லை, காண முடியும். 2010இல் கிரெய்க் வென்டர் நிறுவனத்தார் ஒரு பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதியையும் வேதிமுறையில் தயாரித்து வேறொரு செல்லுக்குள் இயங்க வைத்தபோது, அதற்குள் நான்கு இடங்களில் தங்கள் பெயர்கள் முதலானவற்றைக் குறிமுறையில் எழுதி வைத்தார்கள். இன்சுலின் சுரக்கும்படி மனித மரபணு புகுத்தப்பட்ட பாக்டீரியாவை, நம்மைப் பற்றி எதுவும் அறியாத ஓர் ஆய்வாளர் பிற்காலத்தில் கண்டெடுத்தாலும், அதன் மரபணுக்களில் இது ஒன்று மட்டும் கிளைவழியில் வரவில்லை என்பதை ஒப்பீட்டிலேயே கண்டுகொள்வார். மனிதர் வடிவமைக்கும்போது ஒரு பொருளுக்காகச் செய்த பாகத்தை அப்படியே தூக்கித் தொடர்பில்லாத இன்னொரு பொருளில் வைப்பார்கள். பறவையின் இறகு வௌவாலில் அப்படியே வைக்கப்பட்டிருந்தால், அல்லது கணவாயின் விழித்திரை நம் கண்ணில் பொருத்தப்பட்டிருந்தால், நானே பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுகரையிடம் வந்திருப்பேன். விலங்குகளில் நாம் காண்பதோ கிளைக்குள் கிளையாக அடங்கும் அமைப்பு. பாக்டீரியாக்களிடையே மரபணுக்கள் தாவுவதுண்டு, ஆனால் அதை நிகழ்த்தும் வழிகளும் தெரிந்தவையே.

மறுகரை

நரம்புக்கு ஒரு நியாயம், மரபணுவுக்கு ஒரு நியாயம் என்ற இடத்தில் என்னிடம் விடை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். என்கோட்டை முன்கணிப்பு என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் வடிவமைப்பாளரின் நோக்கத்தைத் தொடாமலேயே ஒரு தடையை என்னால் எழுத முடியும். இரண்டு பாகங்களால் இயங்கிய ஒரு நுண்பொறி, மூன்றும் இன்றியமையாத ஒரு நுண்பொறியாகச் சாதாரண மரபணு மாற்றங்களால் மட்டும் மாறாது என்பதே அது. மாறுவதைக் காட்டினால் ‘குறைக்கவியலா’ என்ற சொல்லை நான் கைவிடுகிறேன்.

ஆய்வுமேசை

இந்த இழையில் எனக்குப் பிடித்த பதிவு இதுதான். நம் இரு தரப்பிலும் பலர் இவ்வளவு தெளிவாக எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் இந்தத் தடை 2012லேயே தாண்டப்பட்டுவிட்டது.

செல்லுக்குள் இருக்கும் சில அறைகளை அமிலத்தன்மையோடு வைத்திருக்க ஒரு புரதப் பொறி உண்டு. அதன் நடுவில் ஆறு புரதங்கள் கோத்த ஒரு வளையம் சுழலும். பெரும்பாலான உயிரினங்களில் அந்த வளையம் இரண்டு வகைப் புரதங்களால் ஆனது. ஈஸ்ட் உள்ளிட்ட பூஞ்சைகளில் மூன்று வகை. ஈஸ்டில் அம்மூன்றில் எதை நீக்கினாலும் பொறி நின்றுவிடும். கால்சியம் மிகுந்த ஊடகத்தில் அந்த ஈஸ்ட் வளராது. பீஹீயின் வரையறைக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிற அமைப்பு. ஜோசப் தார்ன்டன் உள்ளிட்ட குழுவினர், இன்றைய உயிரினங்கள் பலவற்றின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு, பூஞ்சைகளின் முன்னோரிடம் இருந்த புரதம் எப்படி இருந்திருக்கும் என்று கணித்து, அதன் மரபணுவை ஆய்வகத்தில் புதிதாகத் தயாரித்தனர். மூன்றில் இரண்டு நீக்கப்பட்ட ஈஸ்டுக்குள் அந்த ஒற்றை முன்னோர்ப் புரதத்தைப் புகுத்தியதும், வளராமல் கிடந்த ஈஸ்ட் வளர்ந்தது. இரண்டின் வேலையையும் அந்த ஒன்றே செய்தது.

பண்டைய பூஞ்சைகளில் பிறகு அந்த மரபணு இரட்டித்து இரண்டு நகல்களானது. ஒவ்வொரு நகலும் அண்டைப் புரதத்தோடு பிணையும் திறன்களில் வெவ்வேறு ஒன்றை இழந்தது. இழந்த பிறகு ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படவில்லை. அந்த இழப்பை உண்டாக்கிய பழைய மாற்றங்களை ஒவ்வொன்றாக முன்னோர்ப் புரதத்தில் புகுத்தியும் காட்டினார்கள்; ஒற்றை மாற்றங்களே போதுமானவையாக இருந்தன. புதிய திறன் எதுவும் சேரவில்லை, சிறப்பான தற்செயலும் நிகழவில்லை. பழுதுகளாலேயே ‘இன்றியமையாமை’ கட்டப்பட்டது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் சுவையான பகுதி. முல்லர் சொன்னதைவிடவும் எளிய வழி இது.

வடிவமைப்புத் தரப்பினர் எவரும் ஆய்வகப் பக்கம் வருவதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பரிணாமவியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் 12 குடுவைகளில் ஈ.கோலை பாக்டீரியாவை வளர்க்கத் தொடங்கினார். தினமும் நூற்றில் ஒரு பங்கைப் புதிய ஊடகத்துக்கு மாற்றுவார்கள்; 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரியை உறைய வைப்பார்கள். 31,500ஆம் தலைமுறையளவில் ஒரு குடுவையில் மட்டும், ஆக்சிஜன் இருக்கும்போது ஊடகத்திலுள்ள சிட்ரேட்டை உண்ணும் திறன் தோன்றியது; ஈ.கோலைக்கு வழக்கமாக அது கிடையாது. வழக்கமாக ஓரளவே கலங்கலாக இருக்கும் நீர் அந்தக் குடுவையில் அடர்ந்து கலங்கியது. உறைய வைத்த மாதிரிகளிலிருந்து மீண்டும் ஓட்டிப் பார்த்தபோது, ஏறத்தாழ 20,000ஆம் தலைமுறைக்குப் பிந்தைய மாதிரிகளிலிருந்தே அந்தத் திறன் திரும்பவும் தோன்றியது. இது மிக அரிதான நிகழ்வு என்று லென்ஸ்கி குழுவினர் கருதினர். நான் முதலில் குறிப்பிட்ட அதே மின்னிச்சின் குழு 2016இல், வளர்ப்பு நிலைமைகளை மாற்றி, நேரடியாகத் தேர்வு நெருக்கடி கொடுத்து, 12 முதல் 100 தலைமுறைகளுக்குள் அதே திறனைத் திரும்பத் திரும்ப வரவழைத்துவிட்டது. அரிதென்று தோன்றியது சோதனை நிலைமையின் விளைவு, இதில் புதிய மரபுத் தகவல் எதுவும் பிறக்கவில்லை என்பது அவர்கள் முடிவு. அந்த முடிவோடு நான் உடன்படவில்லை. ஆனால் படிப்படியான மாற்றம் எவ்வளவு விரைவில் வரக்கூடும் என்பதற்கு அவர்கள் தந்த சான்று முதல்தரமானது.

மறுகரை

பூஞ்சை வளையத்தைப் பற்றி இன்று மாலைதான் படித்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன்: ‘குறைக்கவியலா’ என்ற சொல்லை இனி நான் வாதமாகப் பயன்படுத்த மாட்டேன். எனினும் அங்கே மூன்று புரதங்களும் முன்பே பிணையத் தெரிந்தவை. இருந்த பிணைப்புகள் பங்கிடப்பட்டன, அவ்வளவே. முன்பு இல்லாத பிணைப்புகள் பல ஒருசேரத் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கும், அங்கே சாதாரண மாற்றங்கள் நின்றுவிடும் என்றே இன்னமும் கருதுகிறேன்.

வழிப்போக்கன்

பல என்றால் எத்தனை?

மறுகரை

அதைத்தான் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் புரதம், எத்தனை புதிய பிணைப்பு, எவ்வளவு பெரிய குடுவையில் எத்தனை தலைமுறைக்குள் என்பதையெல்லாம் எண்ணாக எழுத முற்படும்போதுதான், இதுவரை நான் படித்தவற்றில் அந்த எண்ணை எங்குமே பார்க்கவில்லை என்பது உறைக்கிறது. ஒரு வாரம் தாருங்கள். எழுதி முடித்ததும் இதே இழையில் இடுகிறேன். ஆய்வுமேசை அதைச் சோதிக்கத்தக்கதா என்று மட்டும் பார்த்துச் சொல்லட்டும்; சரியா தவறா என்பது பிறகு.